தெளிந்த தண்ணீர்

வேலைப் பயிற்சிக்காகச் சில மாதம் வெளியூர் கிளம்பிய அக்கா, மாடியில் இருந்த தன் கடல்மீன் தொட்டியைக் கீழ்வீட்டில் இருந்த தன் தம்பியிடம் ஒப்படைத்தாள். மீன்கள் நாலைந்து உண்டு. ஆனால் அவள் உயிரையே வைத்திருந்தது பூந்தொட்டிப் பவளத்தின் மேல்தான். கல் போன்ற ஓர் உருண்டை. அதிலிருந்து நீண்ட தண்டுகளில் இளஞ்சிவப்புப் பூக்கள். பார்க்கத்தான் பூ. உண்மையில் பிராணி. பசிக்கும்.

“விரல் நுனி அளவு துண்டா வாங்கி வளத்தேன்டா. தினம் இந்தப் பொடியைக் கரைச்சு சிரிஞ்சால அதுமேல விடு. தண்ணி கலங்கும். கலங்கட்டும், கைவைக்காதே.”

“தண்ணியைப் பத்தி எனக்கே பாடமா? பாதி ஊரு நான் மாட்டின ஃபில்டர்லதான்க்கா குடிக்குது.”

“அதான்டா பயமா இருக்கு!”

சிரித்துக்கொண்டே போனாள்.

முதல் வாரம் சொன்னபடி செய்தான். பிறகு கை சும்மா இருக்கவில்லை. கலங்கிய தண்ணீரைப் பார்த்தாலே அவனுக்குத் தூக்கம் வராது. தண்ணீரை வடிகட்டும் கரிப் பை ஒன்றைத் தொட்டிக்குள் போட்டான். மேலும் ஒன்று. அழுக்கை நுரையாக்கித் தள்ளும் கருவியை முழு வேகத்துக்குத் திருப்பினான். பவளத்தின் சாப்பாடும் நுரையோடு நுரையாகப் போயிற்று.

“கலங்கட்டும்னுதானே அண்ணி சொன்னாங்க?” என்றாள் மனைவி.

“அவ எக்ஸ்ரே எடுக்கிறவ. அவளுக்கு எலும்பு தெரியும். தண்ணி என் தொழில்!”

பூக்களும் அவன் பக்கமே சாட்சி சொல்வதுபோல் மாதக்கணக்கில் விரிந்து ஆடின. பட்டினியை வெளியே காட்டாத பிறவி அது.

ஒரு காலையில் பாதிப் பூக்கள் உள்ளே சுருங்கியிருந்தன. அடியில் வெள்ளையாக எலும்புக்கூடு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் செய்தி வந்தது: ‘என் செல்லம் எப்படி இருக்கு? படம் அனுப்பு.’

“உள்ளதைச் சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“ரெண்டு நாள்ல சரியாயிடும். அவளை ஏன் கலவரப்படுத்தணும்?”

பழைய படம் ஒன்றைத் தேடி அனுப்பினான்.

‘பரவாயில்லையே! தேறிட்டான்டா என் தம்பி’ என்று பதில் வந்தது. அடுத்த முறை கேட்டபோதும் இன்னொரு பழைய படம்தான் போயிற்று.

திரும்பி வந்த அக்கா, தோள் பையைக்கூட இறக்காமல் தொட்டியின் முன் நின்றாள். தெளிந்த தண்ணீரில் வெள்ளைக் கல் ஒன்று கிடந்தது.

“எப்போ ஆச்சு?”

“ரெண்டு மாசமா... கொஞ்சம் கொஞ்சமா...”

“அப்போ அந்தப் படமெல்லாம்?”

“பழசுக்கா.”

கையை விட்டுக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

“தண்ணியைச் சுத்தம் பண்ணிக் கொன்னே. தெரியாம செஞ்சதுன்னு விட்டுடலாம். நான்தான் கேட்டேனேடா! அப்போ பாதி உயிரோட இருந்துச்சே. கரியை எடு, வேகத்தைக் குறைன்னு போன்லயே சொல்லியிருப்பேனே!”

“தப்புதான்க்கா. நாலு திட்டுத் திட்டிடு.”

அவள் திட்டவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். மீன்கள் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“இதுங்களுக்குச் சாப்பாடு போட்டாச்சா?”

“காலையிலேயே போட்டுட்டேன்க்கா.”

அக்கா அவனைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற அவன் மனைவி பக்கம் திரும்பினாள்.

“போட்டானாம்மா?”