இன்னும் கொஞ்சம் சோறு

மூன்றாவது முறையும் நாணயங்கள் இரண்டும் பூப்பக்கமாகவே விழுந்தன. சோங் பெங் மண்டியிட்டபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று பூவும் ஒன்று எண்ணுமாக விழுந்தால்தான், பெட்டிக்குள் படுத்திருக்கும் அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று அர்த்தம். அவர் முடிக்காமல் பெட்டியை மூடக்கூடாது. பதினோரு மணிக்குச் சவ வண்டி மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் ஊரை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

"என்னமோ குறையுது. சமைச்சவங்க யாரு? யோசிச்சுப் பாருங்க" என்றார் பூசாரி.

எல்லார் கண்ணும் கியோக் சூ மேல் விழுந்தது. சோங் பெங்கின் மனைவி அவள். இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டு அடுப்படி அவளுடையது. சோயாச் சாற்றில் கறுக்க வேகவைத்த பன்றிக்கறி, இஞ்சி தூவி அவித்த வாவல் மீன், உப்புக் கீரை சூப்பு என்று மாமனாருக்குப் பிடித்ததையெல்லாம் தன் கையாலேயே செய்து படைத்திருந்தாள். கடைசிச் சோற்றை மனிதர் வேண்டாம் என்கிறாரே என்று தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சோயா சாஸ்ல மிளகா வெட்டிப் போட்டியா?" என்று கேட்டாள் நாத்தனார் பீ லியான்.

"போட்டேன்க்கா."

"சூப்பு ஆறியிருக்கும். அப்பாவுக்கு நாக்கு பொசுங்கணும்."

சூப்பைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். பூ, பூ. காபி கலந்து வைத்தார்கள். எண், எண். டாக்டர் தடுத்து வைத்திருந்த பன்றிக் கொழுப்பைக்கூடப் பொரித்து வைத்துப் பார்த்தாயிற்று. மறுபடியும் பூ.

பீ லியானுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "செத்துப் போயும் அவசரப்படுறாரா பாரு மனுஷன்! எப்பவும் இதேதான். நாமெல்லாம் எழுந்து போய் டிவி முன்னால உக்காந்தாலும் இவரு மட்டும் அரைக் கிண்ணம் சோத்தை வச்சிக்கிட்டுக் கொறிச்சிட்டிருப்பாரு. பல்லுதான் சரியில்லேன்னு புதுப் பல்லு கட்டிக் குடுத்தேன். அப்பவும் அப்படியேதான்!"

கியோக் சூ நிமிர்ந்தாள்.

காரணம் பல் இல்லை. அது அவளுக்குத் தெரியும். சித்தப்பா வீட்டில் மிச்சம் மீதியை நின்றபடி தின்று வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி வந்த முதல் நாள், எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது மேசை காலி. மாமனார் மட்டும் உட்கார்ந்திருந்தார். மீனின் வயிற்றுப் பக்கம் தொடாமல் ஒரு ஓரத்தில் ஒதுக்கியிருந்தது. "உக்காரும்மா. எனக்கு வேகமா மெல்ல வராது" என்றார். மத்தியானம்தான் அதே மனிதர் காபிக்கடையில் ஒரு தட்டு நூடுல்ஸை இரண்டே நிமிடத்தில் உறிஞ்சி முடித்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

அன்று முதல் இந்த வீட்டில் அவள் ஒரு வேளைகூடத் தனியாகச் சாப்பிட்டதில்லை. அவள் கிண்ணம் காலியான பிறகுதான் அவர் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைப்பார். அதற்காக ஒரு நன்றியாவது சொல்லியிருக்கிறாளா? சொன்னால் அவர் பொய் உடைந்துவிடுமே என்று சும்மா இருந்துவிட்டாள்.

இந்த மூன்று நாளும் வந்தவர்களுக்கு வடித்துக் கொட்டியதில், அவள் தின்றதெல்லாம் நின்றுகொண்டே காபியில் நனைத்த ரொட்டிதான்.

அவள் உள்ளே போனாள். ஒரு கிண்ணம் சோறும் குச்சியும் எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் முக்காலியைப் பெட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயோ, இப்பவா உனக்குப் பசிக்குது?" பீ லியான் பதறினாள். "ஊரே பாக்குது!"

"நான் சாப்பிடாம அப்பா எழுந்திருக்க மாட்டாருக்கா."

பீ லியான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

கியோக் சூ சாப்பிட்டாள். மாமனார் படத்துக்கு முன்னால், அவருக்குப் படைத்த சோற்றில் குத்திய ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. மூன்று நாளில் முதல் முறையாக நாக்குக்கு ருசி தெரிந்தது. கண்ணீர் மோவாய்க்கு இறங்கியதைத் துடைக்கவும் தோன்றவில்லை. கிண்ணத்தில் நாலு வாய்தான் மிச்சம் இருந்தது; அது முடிந்தால் அவர் எழுந்துவிடுவார்.

வாசலில் சவ வண்டி வந்து நின்றது. "இப்பக் கேக்கட்டுமா?" என்று சோங் பெங் நாணயங்களைக் கையில் எடுத்தான். கியோக் சூ வேண்டாம் என்று தலையாட்டினாள். மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, காலிக் கிண்ணத்தை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கக்கா."

பீ லியான் வண்டிக்காரனிடம் இரு என்று கை காட்டிவிட்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.