கரண்ட் கம்பியின் மேல் பழி

என் காலடியில் யாரோ புதைந்திருப்பதாக பீக்கன் சொன்னது.

காலை வேளை, புறப்படும் முன் செய்யும் வழக்கமான சோதனை. மலையடிவாரத்தில் வண்டிகளை நிறுத்தும் மைதானம். எனக்குக் கீழே இருந்தது இயந்திரம் வழித்துத் தள்ளியது போக மிஞ்சிய ஒரு சாண் இறுகிய பனி, அதற்கடியில் தார். அங்கே ஒரு பூனையைக்கூடப் புதைக்க முடியாது. ஆனாலும் திரையில் இரண்டரை மீட்டர் என்று வந்தது. பிறகு ஒரு மீட்டர். பிறகு வெறுமை. பிறகு மூன்று. அம்புக்குறி ஒரு பக்கம் காட்டிவிட்டு, நான் திரும்புவதற்குள் மறுபக்கம் போனது.

பீக்கன் என்பது கைக்கடக்கமான ரேடியோ. பனிமலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அதை மார்போடு பட்டை போட்டுக் கட்டிக்கொள்வோம். சாதாரணமாக அது நொடிக்கு ஒரு தடவை ‘நான் இங்கே’ என்று துடித்துக்கொண்டிருக்கும். பனிச்சரிவில் யாராவது புதைந்துபோனால், மேலே இருப்பவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றுவோம். அப்போது அது பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பிக்கும். எண் குறையக் குறைய ஆளை நெருங்குகிறோம் என்று அர்த்தம். புதைந்தவருக்கு மூச்சு சில நிமிடங்களுக்குத்தான் இருக்கும். அந்த நேரத்தில் பீக்கன் பொய் சொன்னால் வேறெங்கோ தோண்டிக்கொண்டிருப்போம். வண்டி பழுதானால் சமாளிக்கலாம், வழி தவறினால் சமாளிக்கலாம். இதைச் சமாளிக்க முடியாது.

பீக்கனுக்குப் பக்கத்தில் வேறு மின்கருவி ஆகாது என்பது வழிகாட்டிகளுக்குப் பாலபாடம். கைப்பேசியை அணைத்தேன். சூடேறும் உள்சட்டையின் பொத்தானை அணைத்தேன். பனியில் ஓடும் என் வண்டியின், அதாவது ஸ்லெட்டின், எஞ்சினை இன்னும் கிளப்பவே இல்லை. அப்படியும் அந்த ஆள் போகவில்லை. ட்ரக்கிலிருந்து மாற்று பீக்கனை எடுத்து வந்தேன். அதற்கும் அவர் தெரிந்தார்.

“டெரில், இங்க வந்து பாரேன்.”

டெரில் கினாக்கின் எட்டுக் குளிர்காலமாக என் வால் வழிகாட்டி. நான் முன்னால் வழி போட்டுப் போவேன், வாடிக்கையாளர்கள் நடுவில் வருவார்கள், அவன் கடைசியாக வருவான். விழுந்தவரைத் தூக்குவது, நின்ற வண்டியைக் கிளப்புவது, புதைந்தவரைத் தோண்டுவது எல்லாம் வாலில் வருகிறவன் பொறுப்பு. மண்வெட்டியும் மருந்துப்பையும் அவனிடம்தான் இருக்கும். மாலையில் கொட்டகையில் என் வண்டியைத் துடைத்து, எண்ணெய் பார்த்து வைப்பவனும் அவன்தான்.

திரையைப் பார்த்தான். தலையை உயர்த்தினான்.

“மேல பாரு. கரண்ட் கம்பி.”

“இத்தனை நாள் வராதது இன்னிக்கு மட்டும் வருமா?”

“இத்தனை நாள் நீ அந்த அறிவிப்புப் பலகைகிட்ட நின்னு சோதிப்ப. அது இப்ப பனிக்குவியலுக்குள்ள கெடக்கு. இன்னிக்குத்தான் வண்டியோட கம்பிக்கு நேர் கீழ நிக்கிற.”

நியாயமாகத்தான் இருந்தது. பீக்கனை எடுத்துக்கொண்டு பாதையில் கொஞ்ச தூரம் மேலே நடந்தேன். திரை சுத்தமானது. அங்கே நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் என்னைக் கடந்து ஓட்டச் சொன்னேன். எண் குறைந்து, கூடி, மறைந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அன்றைய வாடிக்கையாளர்கள் இரண்டே பேர். சமவெளி மாகாணமான சஸ்காச்சுவானில் கோதுமை விளைவிக்கும் அக்காவும் தம்பியும். அக்கா ஜோலீன், தம்பி லாய்ட்.

“எங்க ஊர்ல நானும் ஸ்லெட்டு ஓட்டுறவன்தான்” என்றான் லாய்ட்.

“ஆமா, மேடு பள்ளமே இல்லாத ஊர்ல” என்றாள் ஜோலீன். “எங்க ஊர்ல இருக்கிற ஒரே மலை குப்பை மேடுதான் ரோண்டா. அதுலயே இவன் ரெண்டு தடவ உருண்டிருக்கான்.”

“ஒரு தடவ!”

“ரெண்டாவது தடவ நான்தான் தூக்கினேன், மறந்துட்டியா?”

டெரில் சத்தமாகச் சிரித்தான். அவனுடைய அந்தச் சிரிப்பு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

காட்டுப்பாதை ஓரிடத்தில் மூன்றாகப் பிரிகிறது. எங்கே போகிறோம் என்று அங்கே வரும்வரை நான் யாரிடமும் சொல்வதில்லை, டெரிலிடம்கூட. மறைப்பதற்காக அல்ல. எனக்கே தெரியாது. பிரிவில் நின்று பனியில் குழி தோண்டுவேன். குழியின் சுவரைப் பார்த்தால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காகத் தெரியும். எங்காவது நடுவில் சர்க்கரை போல உதிரும் அடுக்கு இருந்தால், அதற்கு மேலே இருக்கும் பனி முழுதும் சறுக்குப் பலகை மேல் நிற்கிற மாதிரி. ஒரு தூணை வெட்டி நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்து, முதலில் மணிக்கட்டால், அப்புறம் முழங்கையிலிருந்து, கடைசியில் தோளிலிருந்து தட்டுவேன். எந்தத் தட்டில் தூண் வழுக்கி விழுகிறது என்பதைப் பொறுத்து முடிவு. காசு கொடுத்து என்னோடு வருகிறவர்கள் வாங்குவது அந்த முடிவைத்தான். அழகான பள்ளத்தாக்கு இங்கே எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு எந்தச் சரிவு தாங்கும் என்பதுதான் தெரியாது.

அன்று முழங்கைத் தட்டிலேயே தூண் வழுக்கிவிட்டது. பெரிய சரிவுகள் இரண்டும் வேண்டாம் என்று விட்டேன். மூன்றாவது பாதையில், மரங்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கிண்ணம் போன்ற சரிவுக்குக் கூட்டிப்போனேன். அதிலும் கீழ்ப்பாதி மட்டும். மேல்முகட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன்.

“முகட்டுல ஏறினா?” என்றான் லாய்ட்.

“அங்க ஒருத்தர் எடை கூடினா, கீழ இருக்கிறவங்க மேல மொத்தமும் வந்து விழும்.”

“புரிஞ்சுதாடா?” என்றாள் அக்கா.

“நான் என்ன கொழந்தையா?”

ஒருவர் ஓட்டும்போது மற்றவர்கள் ஓரமாக மரங்களுக்குள் நிற்க வேண்டும். இது மலையில் மாறாத வழக்கம். ஜோலீன் முதலில் போய் அழகாக வளைந்து திரும்பி வந்தாள். அடுத்து லாய்ட் போனான். நடுச்சரிவில் வேகத்தை விட்டுவிட்டான், பயத்தில் திரும்ப முடுக்கினான். ஸ்லெட்டின் அடிப்பட்டை ஓடினால்தான் வண்டி பனிக்கு மேலே மிதக்கும். நின்ற இடத்தில் முடுக்கினால் அதே பட்டை குழி தோண்டும். வண்டி இருக்கைவரை இறங்கிவிட்டது.

“முடுக்காத! விசைய விடு லாய்ட்!” என்று கத்தினேன். “இறங்கி, வண்டிக்கு முன்னாடி பனிய மிதிச்சு இறுக்கு. நாங்க வர மாட்டோம். பதறாம செய்.”

நாங்கள் போனால் எடை கூடும். அவனாகத்தான் வெளியே வர வேண்டும். தலையசைத்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் முகட்டிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், லாய்டின் தலைக்கு நேர் மேலே நான்கு ஸ்லெட்டுகள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் புதிதாக வந்த சுற்றுலாக் கம்பெனியின் சிவப்புச் சட்டைகள். இந்தக் குளிர்காலத்தில் நான் போன இடத்துக்கெல்லாம் கொஞ்ச நேரத்தில் வந்து நிற்பவர்கள். தடத்தைப் பார்த்து வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் இன்று காலை முழுவதும் பனி கொட்டியிருந்தது. எங்கள் தடம் மூடிப்போயிருக்கும்.

இரு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகக் கட்டி நின்றேன். ‘நில், நகராதே’ என்று அர்த்தம். முன்னால் இருந்தவன் பார்த்துவிட்டான். அவனும் கைகளைக் குறுக்காகக் கட்டினான். எஞ்சின்கள் அணைந்தன. லாய்ட் மேலே பார்த்தான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் மிதிப்பதை நிறுத்திவிட்டான்.

“டேய் லாய்ட்,” என்றாள் ஜோலீன். “மிதி. கீழ பாத்து மிதி. நீ மேல பாத்து ஒண்ணும் ஆகப் போறதில்ல.”

மிதித்தான். வண்டியை மெல்ல முடுக்கினான். பட்டை பிடித்தது. சரிவின் ஓரமாக இறங்கி மரங்களுக்குள் வந்து சேர்ந்ததும் ஜோலீன் அவன் தலைக்கவசத்தில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் முகட்டுக்காரர்களைப் பின்வாங்கச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர்களுடைய வழிகாட்டி மட்டும் காட்டைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தான். கோடி என்று பெயர். தாடி முளைத்து ஒரு வருடம் இருக்கும்.

“மன்னிச்சிருங்க ரோண்டா. நேர் கீழ ஆள் மாட்டியிருக்குன்னு தெரியல.”

“முகட்டுல ஏன் ஏறின? குழி தோண்டிப் பாத்தியா?”

“நீங்க பாத்திருப்பீங்கல்ல.” அவன் அதை ஒரு மரியாதை போலச் சொன்னான். “நீங்க இருக்கிற சரிவுன்னா பயமில்லன்னு எங்க முதலாளி சொல்லுவாரு. உங்க புள்ளி ரொம்ப நேரமா இங்கயே நின்னுச்சு, அதான்…”

“என்ன புள்ளி?”

கோடி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் டெரிலைப் பார்த்தான். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது.

என் ஸ்லெட்டிடம் போனேன். எஞ்சின், கைப்பேசி, உள்சட்டை எல்லாம் அணைந்திருந்தன. பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றினேன். மற்றவர்களுடைய பீக்கன்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் பீக்கனை வண்டியின் மூக்கிலிருந்து மெதுவாகப் பின்னால் நகர்த்தினேன். கைப்பிடியில் வெறுமை. இருக்கையின் நடுவில் நான்கு. இருக்கையின் பின்முனையில் எண்கள் தாறுமாறாகக் குதித்தன. இங்கே தலைக்கு மேலே கம்பி எதுவும் இல்லை, வானம் மட்டும்தான்.

இருக்கை உறையின் ஓரத்து ஊக்குகளைக் கத்தியால் நெம்பினேன். மெத்தையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு குழி வெட்டியிருந்தது. அதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதில் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை செயற்கைக்கோளுக்கு இடத்தைச் சொல்லும் கருவி. உள்ளே இருக்கும் மின்சுற்று எழுப்பும் இரைச்சலைத்தான் என் பீக்கன் ஆள் என்று எண்ணியிருக்கிறது. மெத்தையை வெட்டியிருந்த விதம் சுத்தமாக, நேர்க்கோடாக இருந்தது. என் வண்டியை அவ்வளவு பொறுமையாகக் கையாள்கிறவன் ஒருவன்தான்.

“எப்ப வச்ச?”

டெரில் கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டான். “டிசம்பர்ல.”

“எதுக்கு?”

“அடுத்த சீசன்ல முன்னாடி ஓட்டுற வேலை தர்றேன்னாங்க.” கொஞ்சம் நிறுத்தினான். “எட்டு வருஷமா உன் புகைய மோந்துக்கிட்டு பின்னாடியே வர்றேன் ரோண்டா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘டெரில், இன்னிக்கு நீ கூட்டிட்டுப் போ’ன்னு சொல்லியிருக்கியா?”

“கேட்டிருக்கலாமே.”

“கேக்கணுமா?”

அவனே தொடர்ந்தான். “உன் வழிய நான் யாருக்கும் சொல்லல. வாடிக்கையாளர் பேரு ஒண்ணும் குடுக்கல. நீ எங்க நிக்கிறேன்னு மட்டும்தான்.”

“நான் எங்க நிக்கிறேங்கிறதுதான்டா என் வேலையே! வேற என்ன இருக்கு என்கிட்ட?”

லாய்ட் தலைகுனிந்து நின்றான். கோடி நழுவப் பார்த்தான். “நீ நில்லு” என்றேன். நின்றான்.

“இது பீக்கனக் குழப்பும்னு உனக்குத் தெரியுமா டெரில்?”

“வைக்கும்போது தெரியாது. சத்தியமா.”

“காலையில?”

மெத்தையில் தான் வெட்டிய குழியைப் பார்த்தான்.

“காலையில தெரிஞ்சுது.”

“கரண்ட் கம்பின்னு சொன்ன.”

“ஆமா.”

“வால்ல வர்றவன் நீ, விழுந்தவங்களத் தூக்கச் சரிவுக்குள்ள போறவன். சரிவுல முதல்ல மாட்டுறவன் அநேகமா நீயாத்தான் இருப்ப. உன்னத் தேடப் போறது இந்த பீக்கன்தான். அதுகூடவாடா தோணல?”

“தோணுச்சு” என்றான். “சாயங்காலம் எடுத்துரலாம்னு நெனச்சேன்.”

அவன் திருடியதை என்றாவது மன்னித்துவிடுவேனோ என்னவோ. அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்துச் சொன்னானே, அதை முடியாது. மனிதன் எவ்வளவு இயல்பாகத் தலையை உயர்த்தியிருந்தான்! இவ்வளவு நடந்த பிறகும், நான் புதைந்தால் அவன் கை ரத்தம் வரும்வரை தோண்டுவான் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

கீழே இறங்கியாக வேண்டும். சஸ்காச்சுவான்காரர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு, அந்தப் பனியில், வால் இல்லாமல் இறங்க முடியாது. “வண்டி நிறுத்துற மைதானம் வரைக்கும் நீதான் வால்” என்றேன் டெரிலிடம். “மைதானத்துல உன் வண்டிய என் ட்ரெய்லர்ல ஏத்தாத. வேற யாரையாவது கூப்பிட்டுக்க.”

“சரி.”

“கோடி, உங்க முதலாளிகிட்ட சொல்லு. அவர் ஆளுங்களுக்குக் குழி தோண்டக் கத்துக்குடுக்கச் சொல்லு. இனிமே புள்ளி நிக்காது.”

கருவியின் பொத்தானை விளக்கு அணையும்வரை அழுத்திப் பிடித்து, அவன் கையில் கொடுத்து அனுப்பினேன். அவன் எஞ்சின் சத்தம் காட்டுக்குள் தேய்ந்ததும், என் பீக்கனைத் தேடும் நிலையில் இருக்கையின் பின்முனையில், அந்தக் குழியின் மேலேயே வைத்தேன். எண் வரவில்லை. அம்புக்குறியும் வரவில்லை. மூவரின் பீக்கன்களையும் திரும்ப முடுக்கி, ஒவ்வொருவராக என்னை நோக்கி நடந்துவரச் சொன்னேன். ஜோலீன் வந்தபோது எண் ஒழுங்காகக் குறைந்தது. லாய்ட் வந்தபோதும். டெரில் வந்தபோதும்.

பீக்கனில் கோளாறு இல்லை, கம்பியிலும் இல்லை. தேடும்போது அரை மீட்டருக்குள் வேறு எந்த மின்கருவியும் ஓடக் கூடாது. வண்டியில் ஓடிக்கொண்டிருந்ததை அணைத்து எடுத்ததும் பீக்கன் சரியாக வேலை செய்தது.