தையல் பிரியவில்லை

1

வாசகர்களே, வாருங்கள், இந்த மடக்கு நாற்காலியைப் பாருங்கள். இருக்கையின் நடுவே ஓட்டை. பொழுதுபோக்குக்கு விடும் சிறு மாதிரி ராக்கெட் ஒன்று மேலே போய், பாராசூட் விரியாமல் தலைகீழாக வந்து குத்திய இடம் அது. அதற்கு அரை நிமிடம் முன்புவரை அதில் அமர்ந்து உயரம் குறித்துக்கொண்டிருந்தவன் நான். தண்ணீர் குடிக்க எழுந்தேன். கதை எழுத மிஞ்சினேன்.

ஆனால் உங்களை அழைத்தது நான் தப்பியதைக் காட்ட அல்ல. எங்கள் ராக்கெட் சங்கத்தின் விபத்துப் பதிவேட்டில் உள்ள ஒரு வரியைக் காட்ட: 'காரணம்: பாராசூட் தையல் பிரிந்தது.' அது பொய்.

2

'நீல வானில் ஒரு வெண்புகைக் கோடு' என்று தொடங்கினேன். (அடித்துவிட்டேன். வானத்தைப் பாடிப் பாடியே தரையை மறந்தோம். உயரப் பறந்த ராக்கெட்டுக்கு எங்களிடம் கோப்பை உண்டு. பத்திரமாக இறங்கியதற்குக் கைதட்டல்கூடக் கிடையாது.)

மறுபடி: அவள் திரைச்சீலை தைப்பவள். சங்கத்துக்குப் பாராசூட் தைத்தவளும் அவளே. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாக நைலான் துணி வைத்தாள். அறுந்த ரப்பர் கயிற்றை மும்மடங்கு நீளமாக்கினாள். ராக்கெட் உச்சி உயரத்தை எட்டியதும் உள்ளே சிறு வெடிமருந்து வெடித்து முனைக் கூம்பைத் தள்ளிவிடும், பாராசூட் வெளியே வரும். கூம்பு கழலாவிட்டால் அவள் கைத்திறன் முழுவதும் குழாய்க்குள்ளேயே கிடக்கும். அன்று கிடந்தது.

தையல் மேசைமேல் குழாயைப் பிளந்தாள். மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது பாராசூட். எதிரே சங்கத் தலைவர், அவளுடைய அக்காள் கணவர்.

"எந்தத் தையல் பிரிஞ்சிருக்கு? காட்டுங்க அத்தான்."

"யாருக்கும் அடிபடல. இப்ப எதுக்கு இந்த ஆராய்ச்சி?"

"கடைசி நேரத்துல கூம்புல டேப் ரெண்டு சுத்து சுத்துனீங்க. நான் பார்த்தேன்."

"போன தடவை எல்லார் முன்னாடியும் கூம்பு ஆடி மானம் போச்சு. அதான் இறுக்கினேன்."

அக்கா குறுக்கிட்டாள். "தையல்னு எழுதினா உனக்கென்னடி? நீ திரைச்சீலை தைச்சுப் பொழைச்சுக்குவ. பேர் கெட்டா இவர் எங்க போவாரு?"

"இங்கயே வரட்டும். ஓரம் அடிக்கக் கத்துத் தரேன்."

தலைவர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை அதே மாதிரி இன்னொண்ணு போகுது. குடும்பம் குடும்பமா வர்றாங்க. வாயை மூடிட்டு இரு."

(இவரைக் கொடியவராக்க எனக்கு ஆசை. முடியவில்லை. ஓட்டை விழுந்த நாற்காலியைத் தூக்குமுன் எனக்கு அடிபட்டதா என்று என் தலையைத் தடவிப் பார்த்தார். தடவிய அதே கைதான் அந்த வரியை எழுதியது.)

அவளை உறுத்தியது தன் பெயர் மட்டுமல்ல. தையல் என்று எழுதினால் தையலைத்தான் திருத்துவார்கள். டேப்பை எவரும் தொடமாட்டார்கள்.

3

முடிவு ஒன்று: தலைவர் மேடையேறித் தவற்றை ஒப்புக்கொள்கிறார். (இப்படியொரு தலைவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?)

முடிவு இரண்டு: ஞாயிறன்று கூம்பு மீண்டும் கழலவில்லை, கூட்டத்தின் நடுவே ஒரு—

இல்லை. ஒரு பெண் சொன்னது மெய்யென்று ஏற்க ஒரு மண்டை உடைய வேண்டுமா? அந்த முடிவை விரும்பிய என் பேனாவுக்கு என்ன யோக்கியதை? பதிவேட்டில் அந்த வரிக்குக் கீழே சாட்சியாகக் கையெழுத்திட்டவன், சொல்லவே கூசுகிறது, நானேதான்.*

* இன்று காலை அந்தக் கையெழுத்தை அடித்துவிட்டேன். பொய்யைத் திருத்த ஒரு கை போதாது.

4

ஞாயிறு. திடலில் ராக்கெட்டை நிறுத்தும் ஏவுகம்பி நட்டாயிற்று. அவள் ராக்கெட்டை மார்போடு அணைத்து நிற்கிறாள்.

"கூம்பைப் பிடிச்சு ராக்கெட்டைத் தூக்குங்க. தானா விழக்கூடாது, லேசா ஆட்டினா கழலணும். இதைக் கட்டினவங்க கை வேண்டாம். வேற யாராவது வாங்க."

"என் மேலயே சந்தேகமா?" என்கிறார் தலைவர்.

"உங்க மேல இல்ல அத்தான். டேப் மேல."

நான் ஓரடி முன்னே வைக்கிறேன். கூட்டம் குனிந்து தன் செருப்பைப் பார்க்கிறது.

இதற்குமேல் எழுத மாட்டேன். வாசகர்களே, கதை கேட்டது போதும். கையை நீட்டுங்கள். ஆட்டிப் பாருங்கள். கழலவில்லையென்றால், யார் கட்டியதாயினும், பறக்க விடாதீர்கள்.