கிளிஃப் விற்ற மீன் கரைசல்

அந்த ஆகஸ்டில் என் கஞ்சாச் செடிகள் அளவுக்கு மீறிப் பச்சையாக இருந்தன. இலை நுனிகள் பருந்தின் நகம் போலக் கீழ்நோக்கி வளைந்திருந்தன. நைட்ரஜன் கூடிப்போனால்தான் அப்படி வளையும். இருபது வருஷமாகப் பயிர் செய்கிறவள் நான், எனக்கு அது தெரியாமலா? தெரிந்தும், சோதனைக்கு ஆள் வரப்போகிற மாதத்தில் செடி இவ்வளவு செழிப்பாக நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் நிலம், கஞ்சா பயிரிட அரசாங்கமே உரிமம் தரும் தெற்கு ஹம்போல்ட்டில், ஈல் ஆற்றுக்குப் போய்ச் சேரும் ஓர் ஓடைக்கு மேலே சரிவில் இருக்கிறது. நானும் என் தங்கை கார்லாவும் சேர்ந்து வாங்கியது. ஆறு வருஷத்துக்கு முன் கார்லா இறந்துபோனாள். அவள் பங்கு அவள் கணவன் டுவைட்டுக்கு வந்தது. மேல் சரிவு எனக்கு, கீழ்ச் சரிவு அவனுக்கு.

நான் மண்ணில் உப்புப் போடுவதில்லை; மூட்டையில் வரும் ரசாயன உரத்தைத்தான் நாங்கள் உப்பு என்போம். பக்கத்துப் பண்ணையிலிருந்து குதிரைச் சாணம், ஓடைக்கரை மரங்களின் சருகு, கடலோரத்திலிருந்து சிப்பித் தூள், மழைக்காலத்தில் விதைத்து மடக்கி உழும் பயறுக்கொடி. பதினோரு வருஷம் இப்படிச் சேர்த்த மண் அது. கையை விட்டால் மணிக்கட்டுவரை இறங்கும். வெளியிலிருந்து நான் வாங்குவது ஒன்றே ஒன்றுதான், மீன் கழிவைப் புளிக்கவைத்த கரைசல். டுவைட் அதற்கு நேரெதிர். மூட்டையைப் பிரிப்பான், உப்பைத் தண்ணீரில் கரைப்பான், சொட்டுக் குழாயில் விடுவான். அவன் செடிகள் என்னுடையதைவிட ஒரு முழம் உயரமாக நிற்கும்.

"உன் செடியைப் பாத்தா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கெளம்பி நிக்கிற மாதிரி இருக்கு லொரெய்ன். மூஞ்சில ஒரு சிரிப்பு இல்ல" என்பான்.

"உன் செடி ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்திப் படுக்கவெச்ச மாதிரி இருக்கு. குழாயைப் புடுங்கினா செத்துடும்" என்பேன் நான்.

அதுவரைக்கும் எங்கள் சண்டை அந்த மட்டத்தில்தான் இருந்தது.

இயற்கைச் சான்றிதழ் அலுவலகத்திலிருந்து ஒகம்போ அம்மா வந்து மேல் சரிவில் ஆறு இடத்தில் மண் எடுத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து, ஒரு மதியம், முடிவைத் தானே கொண்டுவந்தார். அவர் வண்டியைவிட்டு இறங்கிய விதமே சரியில்லை.

"உங்க மண்ணுல அம்மோனியம் ரொம்ப அதிகமா இருக்குங்க. சாணத்துல இருந்தும் சருகுல இருந்தும் இவ்வளவு வராது. சான்றிதழை நிறுத்தி வைக்கிறேன். எனக்கு வேற வழியில்ல."

"நான் உப்பைத் தொட்டதே இல்லங்க."

"உங்களை நான் சந்தேகப்படல. ஆனா மண்ணு சொல்றதைத்தானே நான் எழுத முடியும்?"

ஓக்லண்டில் வலித்தைலம் செய்கிறவர்கள், சான்றிதழ் உள்ள பூ மட்டும்தான் வேண்டும் என்று என் விளைச்சல் முழுவதையும் பேசி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரு காகிதத்தில் போயிற்று.

நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. நேராகக் கீழே இறங்கினேன். ஒகம்போ அம்மா பின்னாலேயே ஓடி வந்தார். டுவைட் கொட்டகையில் பம்பைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"என்ன பண்ணித் தொலைச்ச? உன் குழாயை என் பாத்தியில கொண்டாந்து சொருகினியா? இல்ல வேணும்னே ஊத்தினியா?"

"எதை ஊத்தினேன்?"

"நடிக்காத. என் மண்ணு முழுக்க உன் உப்பு. பதினோரு வருஷம் டுவைட்! உனக்கு வயித்தெரிச்சல். நான் ஜெயிச்சுடுவேன்னு வயித்தெரிச்சல்."

"வாயை அளந்து பேசு."

"கார்லா இருந்திருந்தா உன்னை இந்த மலையை விட்டே துரத்தியிருப்பா."

அவன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகத் தரையில் வைத்தான். என்னைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறினான். புழுதி அடங்கும்வரை ஒகம்போ அம்மா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதும் ஆத்திரம் தீரவில்லை. அவன் உப்பு மூட்டை ஒன்றை எட்டி உதைத்துவிட்டு மேலே வந்தேன்.

மறுநாள் காலை நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது டுவைட் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். ஒரு கையில் கண்ணாடி ஜாடிகள் இரண்டு, மறு கையில் சுண்ணாம்பு டப்பா. முந்தின நாள் சட்டையோடேயே இருந்தான்.

"ஒகம்போ குடுத்த பேப்பரை எடு. என்ன எழுதியிருக்கு, படி."

"உனக்கே தெரியும்."

"படி!"

"அம்மோனியம்."

"நான் வாங்குறது கால்சியம் நைட்ரேட். மூட்டை மேல கையகலத்துக்கு எழுதியிருக்கு. நேத்து எட்டி உதைச்சியே, அதுலயும் எழுதியிருக்கு. அம்மோனியம் இருக்கிற மூட்டை என் கொட்டகையில ஒண்ணுகூடக் கெடையாது. போய்த் தேடு. உப்புன்னா உனக்கு எல்லாம் ஒண்ணுதான், இல்ல? படிக்கணும்னு தோணாது. நான்தான் ஊத்தினேன்னு முடிவு கட்டியாச்சே."

நான் அடுப்பை அணைத்தேன்.

"உன் மீன் தண்ணியை எடுத்துட்டு வா. இந்த வருஷத்துது ஒண்ணு, பழசு இருந்தா அதுவும்."

மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய கேனில் கொஞ்சம் அடியில் கிடந்தது. இரண்டையும் கொண்டுவந்தேன். அவன் பழையதை ஒரு ஜாடியிலும் புதியதை மற்றதிலும் ஊற்றினான். இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி சுண்ணாம்பு போட்டு, மூடி, குலுக்கி, வெயிலில் வைத்தான்.

"சுண்ணாம்பு பட்டா அம்மோனியம் ஆவியாக் கெளம்பும். மோந்து பாரு" என்றான்.

பழையது நாறியது, அழுகின மீன் நாற்றம். புதியதைத் திறந்தேன். மூக்கில் அறைந்த மாதிரி இருந்தது. கண்ணில் நீர் கொட்டி, இருமிக்கொண்டே ஜாடியைக் கீழே வைத்தேன். கழிப்பறை கழுவும் மருந்தின் காட்டம்.

"அம்மோனியா. மீனுக்கு இவ்வளவு காட்டம் வராது. அம்மோனியம் சல்பேட்டைக் கரைச்சு மேல கொஞ்சம் மீனைக் காட்டியிருக்கான். உன் பாத்தியில உப்பை ஊத்தினது நீதான், லொரெய்ன். உன் கையாலேயே ஊத்தியிருக்க."

அந்தக் கேனை எனக்கு விற்றவன் கிளிஃப். ஊருக்குள் கடை வைத்திருப்பவன். பதினைந்து வருஷமாக இயற்கை உரம் தவிர வேறொன்றும் விற்கமாட்டேன் என்று பலகை எழுதி மாட்டியவன். உப்பு போடுகிறவர்களைக் கூட்டத்தில் எழுந்து நின்று திட்டுகிறவன். டுவைட்டை அவன் 'விஷக்காரன்' என்று சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஜாடியை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நல்லதாகப் போயிற்று.

"கிளிஃப், இதைக் கொஞ்சம் மோந்து பாரு."

அவன் ஜாடியில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. "உள்ள வா, பேசிக்கலாம்."

"இங்கயே பேசு. எத்தனை வருஷமா?"

"மெல்ல, லொரெய்ன்…"

"எத்தனை வருஷமா?"

"ரெண்டு. மீன் கழிவு கெடைக்கல. கெடைச்சாலும் வெலை கட்டல. எனக்கு மட்டும் ஆசையா?" குரலைத் தாழ்த்தினான். "சுத்தமான மீனை நான் குடுத்தப்போ, 'செடி எந்திரிக்க மாட்டேங்குது கிளிஃப், மெதுவா இருக்கு கிளிஃப்'னு வந்து நின்னது யாரு? ஒரு வாரத்துல பசேல்னு வேணும்னு கேட்டீங்க. குடுத்தேன். அப்ப எல்லாருக்கும் இனிச்சுதே."

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஜாடியை அவன் கல்லாவின் மேல் கவிழ்த்துவிட்டு வந்தேன். பின்னால் எல்லாரும் இருமுவது கேட்டது.

அடுத்த வாரம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பயிர் செய்கிறவர்களின் கூட்டம். எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு ஜாடியில் சுண்ணாம்பு போட்டுப் பாருங்கள் என்றேன். பாராட்டுவார்கள் என்று நினைத்தேனா? கொஞ்சம் நினைத்தேன். முன் வரிசையில் இருந்த மார்வா எழுந்தாள். எனக்குப் பக்கத்து மலையில் பயிர் செய்கிறவள்.

"லொரெய்ன், உன்னோடது போச்சு. எங்களோடதையும் ஏன் இழுக்கிற? அறுவடை ஆகட்டும். அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

"மண்ணு கெட்டுப்போச்சு மார்வா. வாங்குறவங்களை ஏமாத்துறோம்."

"நாங்களா ஏமாத்துறோம்? எங்களுக்குத் தெரியாதே."

"இப்ப தெரிஞ்சுபோச்சே!"

டுவைட் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உப்புன்னா உப்புன்னு சொல்லி வாங்கித் தொலைங்கடா. நான் வாங்கல? எனக்கென்ன வெக்கம்?" என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனான். அங்கே நியாயமாகப் பேசிய ஒரே ஆள் அவன்தான்.

இரண்டு கேன்களையும் ஒகம்போ அம்மாவிடம் கொடுத்தேன். அக்டோபரில் அரசாங்கத்து ஆட்கள் கிளிஃப்பின் கிடங்கைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அவனிடம் வாங்கிய ஏழு பண்ணைகளின் சான்றிதழ் நின்றுபோனது. மார்வாவுடையதும் அதில் ஒன்று. இப்போது என் வண்டியைக் கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் பூவெல்லாம் எண்ணெய் எடுக்கிறவர்களுக்கு மலிவாகப் போனது. என் மண்ணுக்குத் திரும்பச் சான்றிதழ் கிடைக்க மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும்.

டுவைட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். கொட்டகை வாசலில் நின்று, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"உப்பை ஊத்தினேன்னு சொன்னதை மன்னிச்சுட்டேன்" என்றான். "கார்லாவை இழுத்தியே. அதுக்கு நீ எத்தனை தடவை கேட்டாலும் என்னால முடியாது."

அடுத்த நாளே இரண்டு சரிவுக்கும் நடுவில் கம்பி வேலி போட்டான். நான் தடுக்கவில்லை.

டிசம்பரில் கிளிஃப் மேல் போட்ட வழக்குக்காக எங்கள் இரண்டு பேரையும் மாவட்டத் தலைநகர் யுரேகாவுக்கு வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். தனித்தனி வண்டியில் போனோம். தனித்தனி அறையில் சொன்னோம். வெளியே வந்தபோது அவன் நடைபாதையில் நின்று தன் வாக்குமூலத்தின் பிரதியைப் படித்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே சொன்னான்:

"கிளார்க் உன் பேரைத் தப்பா எழுதியிருக்கான். உள்ள போய்த் திருத்தச் சொல்லு. இல்லன்னா அந்தக் கிளிஃப் நாய் அதைச் சாக்கா வெச்சுத் தப்பிச்சுடும்."

இரண்டு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் உள்ளே திரும்பிப் போனேன்.