கொலு முடியும்வரை பட்டினி

மாட்டுங்கா வீட்டில் தன் மகளின் அறையில் ஒரு ராட்சதச் சிலந்தி குடியிருக்கிறது என்பதை அம்மிணி ஒருவழியாக ஏற்றுக்கொண்டிருந்தாள். அதற்குத் தீனியாக இன்னொரு டப்பாவில் கரப்பான்கள் வளர்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஊரெல்லாம் கரப்பானைக் கொல்ல ஆள் வைக்கிறது, எங்காத்து ஷ்ருதி அதுக்குக் கேரட் நறுக்கிப் போடறா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள்.

சிலந்தி மெக்ஸிகோ ரகம். உள்ளங்கை அகலம், முழங்கால்களில் செம்மை. காட்டில் பிடித்து வந்ததல்ல. பெட்டியில் வளர்ந்த தாய்க்குப் பெட்டியிலேயே பிறந்தது. அப்படி ஒன்றைத் தேடி அலைந்து, கடைசியில் தாணேயில் ஒருவரிடம் கண்டுபிடிப்பதற்குள் ஷ்ருதிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதே ரகத்தில் ஆண் சிலந்தி ஹரியிடம் இருந்தது. ஹரி தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவன். சிலந்தி வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில்தான் ஷ்ருதிக்குப் பழக்கம். கடுகளவு குஞ்சிலிருந்து வருஷக்கணக்காக வளர்த்த ஆண் அது. ஆண் சிலந்தி வயதுக்கு வந்துவிட்டால் அதிக காலம் உயிரோடிருக்காது. அதற்குள் ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுத்துவிட வேண்டும், வளர்த்த குஞ்சு நாலு பேருக்குக் கிடைத்தால் காட்டில் கைவைக்கிறவன் அந்த அளவுக்குக் குறைவான் என்பது ஹரியின் கனவு.

ஜோடி சேர்க்குமுன் பெண்ணுக்கு வயிறு முட்டத் தீனி போட வேண்டும். பசியோடிருந்தால் வந்த மாப்பிள்ளையையே தின்றுவிடும். குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு இதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது வேறு யாருமல்ல, சாட்சாத் ஷ்ருதிதான்.

அவளுடைய சிலந்தி தோல் உரிப்பதற்காகச் சில மாதங்கள் ஒன்றும் தின்னாமல் கிடந்தது. உரித்து, புதுப் பற்கள் இறுகி, இனிமேல் நன்றாகத் தீனி போடலாம் என்ற சமயத்தில் நவராத்திரி வந்து சேர்ந்தது.

"கொலு வெச்சிருக்கற ஆத்துல ஒரு உசிரைக் கொல்லப்படாது, கேட்டியா?" என்றாள் அம்மிணி. "இத்தனை மாசம் பட்டினி கெடந்ததுக்கு இன்னும் பத்து நாள் கெடந்தா என்ன?"

ஷ்ருதி தலையாட்டிவிட்டாள். கொலு எடுத்தபிறகு நன்றாகத் தீனி போட்டு, அதற்கப்புறம் ஹரியைக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் ஹரியே போன் செய்துவிட்டான்.

"விஜயதசமிக்குப் பட்டறை லீவு. நல்ல நாளுல்லா? கொண்டாரட்டுமா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், அம்மாவின் கொலுவுக்குப் பயந்து சிலந்தியைப் பட்டினி போட்டேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்? "வாங்க ஹரி" என்றாள்.

வந்தான். துண்டில் சுற்றிய டப்பாவை மடியை விட்டு இறக்கவே இல்லை. அம்மிணி சுண்டலை நீட்டி, "மாப்பிள்ளை வந்தாச்சா? பொண்ணாத்துல சுண்டல்தான், பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் கெடையாது" என்று சிரித்தாள். ஹரிக்கு வெட்கமே வந்துவிட்டது.

அறைக்குள் போனதும் கேட்டான். "நல்லாத் தின்னிருக்குல்லா?"

"ம், வயிறு நிறைய." பொய் எவ்வளவு சுளுவாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

பெண்ணின் பெட்டிக்குள் இறக்கிவிட்டதும் ஆண் மெதுவாக நடந்து போய் முன்னங்காலால் தரையைத் தட்டியது. பெண்ணும் பதிலுக்குத் தட்டியது. "கூப்பிடுது பாருங்க" என்று கிசுகிசுத்தான் ஹரி. ஷ்ருதிக்குக்கூட ஒரு கணம் நம்பிக்கை வந்தது. அடுத்த கணம் பெண் பாய்ந்தது. பிரிப்பதற்காகத் தயாராக வைத்திருந்த பிரஷ்ஷை ஹரி உள்ளே நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கால்கள் மட்டும் சிறிது நேரம் அசைந்தன.

ஹரி வெறும் டப்பாவைத் துண்டில் சுற்றினான். "நாந்தான் பிரஷ்ஷ லேட்டா நீட்டிட்டேன். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அதையே குழுவிலும் எழுதினான். ஷ்ருதி எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாள், என் கைதான் மந்தம், இனி ஜோடி சேர்க்கும் வேலைக்கே நான் லாயக்கில்லை என்று. கீழே ஆளாளுக்கு ஆறுதல். ஷ்ருதியைப் பாராட்டியும் சிலர் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஐரோலி ஆபீஸில் மறுநாள் ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே தாராவிக்குப் போனாள்.

ஹரி பை வார் தைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "சாய் சொல்லட்டுமா?" என்றான்.

"வேண்டாம் ஹரி. நான் அதுக்கு ஒண்ணுமே குடுக்கலை. ஆத்துல கொலு, அம்மா வேண்டாம்னா. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்தது. பொய் சொல்லிட்டேன்."

மெஷின் நின்றது. அவன் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் திட்டவில்லை. வாரை மெஷினிலிருந்து உருவி நூலை அறுத்தான்.

"எனக்கு என்ன அவசரம்?" என்றான். "இன்னும் தை வரைக்காவது அது இருந்திருக்கும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஆன்ட்டி குடுத்த சுண்டலத் தின்னுட்டு டப்பாவத் தூக்கிட்டுப் போயி, அடுத்த வாரம் வந்திருப்பேம்லா."