ஆறு அறையும் நாலு பேரும்

புறநகரில் ஆறு அறை வைத்து வீடு கட்டிவிட்டு, உரிமையாளர் சின்னக் குடும்பத்துக்குத்தான் வாடகைக்கு விடுவாராம்! தரகர் பேச்சைக் கேட்டு, பதினொரு பேர் இருக்கும் நாங்கள் நாலே பேர் என்று புளுகினோம். அப்பா உட்பட மற்றவர்கள் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் என்று கணக்கு.

எதிர்வீட்டில்தான் உரிமையாளர் குடியிருக்கிறார். காலையில் காய்கறி வாங்கப் பையோடு கிளம்பிய அப்பாவை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, ஊருக்குக் கிளம்பிட்டீங்களா?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "ஆமாங்க."

"வாங்க, பஸ் ஸ்டாண்டுல விடுறேன்."

ஜன்னலில் நின்ற நான் வாயைத் திறந்தால் புளுகு உடைந்துவிடும். பாழாய்ப்போன நல்ல மனுஷன், டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பஸ் கிளம்பும்வரை நின்று கையாட்டியிருக்கிறார்.

அப்பா பஸ்ஸிலிருந்து போன் செய்தார்.

"எந்த ஊருன்னு கேட்டாருடா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அங்க நமக்கு யாருடா இருக்கா?"