மலைமுகட்டின் கோடு

லோறன்ஸ் விமான நிலையத்திலிருந்து தன் வீட்டுக்குப் போகாமல், ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் இருந்த யதுர்ஷாவின் வீட்டுக்கு நேரே வந்திருந்தார். சப்பாத்தில் பாலைவனத்துச் செம்மண் இன்னும் உதிரவில்லை. யதுர்ஷா தேத்தண்ணிக்கு எழுந்தாள்.

"இரு பிள்ளை, முதல் இதைப் பார்."

கைபேசிப் படத்தில் குழிகள். பாறை வெடிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு குழி.

"பூ எங்கை அண்ணை?"

"கிழங்கோட கிண்டிக்கொண்டு போட்டாங்கள். சுங்கத்திலை என்ரை பெட்டியைத்தான் கிளறினாங்கள். கள்ளன் சிரிச்சுக்கொண்டு போயிருப்பான்."

இருவரும் தாவரவியலாளர்கள். தென்மேற்கு ஆப்பிரிக்க மலைத்தொடர் ஒன்றில் அந்த வெண்பூவைச் சென்ற ஆண்டு பதிவுசெய்தது அவர்கள்தான். மழை பொய்த்தால் அது கிழங்காக மண்ணுக்குள் உறங்கும். கடல்மூட்டம் தொடும் சரிவுகளில் மட்டுமே விழிக்கும். இப்படிப்பட்ட அரிய செடி நிற்கும் புள்ளியை யாரும் வெளியிடுவதில்லை. அதைப் பூட்டிவைத்து, ஒஸ்லோ நகரையே மூடக்கூடிய பெரிய சதுரம் ஒன்றைத்தான் காட்டுவார்கள். படத்துக்குள் கைபேசி ஒளித்து எழுதும் இட எண்களையும் அழிப்பார்கள். யதுர்ஷா இரண்டையும் செய்திருந்தாள்.

"ஆரோ எங்கடை ஆக்கள்தான் சொல்லியிருக்கினம்."

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீ இணையத்திலை போட்ட படத்திலை பூவுக்குப் பின்னாலை பார்."

பின்னால் மலைமுகடு, வானத்தில் கீறிய கோடாக. நாம் நகர நகரச் சிகரங்கள் ஒன்றையொன்று மறைத்தும் விலகியும் போகும். ஆகவே ஓரிடத்திலிருந்து தெரியும் கோடு இன்னோரிடத்திலிருந்து தெரியாது. மலைகளின் உயரக் கணக்கு கணினியில் இருந்தால், எந்தக் கோடு எங்கிருந்து தெரியும் என்று அது தேடித் தந்துவிடும். பழைய படங்கள் எடுக்கப்பட்ட இடங்களை யதுர்ஷா கண்டுபிடிப்பதும் இப்படித்தான். படத்திலிருந்து அந்த முகட்டை வெட்டிவிடத்தான் நினைத்தாள். மலை அழகாக இருந்ததால் விட்டுவிட்டாள்.



"மற்றப் பக்கச் சரிவிலை இன்னும் கொஞ்சம் கண்டனான்," என்றார் லோறன்ஸ். "கடைசியா மிச்சம் அதுதான்."

"பதிய வேண்டாம் அண்ணை. உங்களோடையும் என்னோடையும் கிடக்கட்டும்."

"அடுத்த மாதம் அங்கை சுரங்கத்துக்கு வெடி வைக்கப்போயினம். பதிவு இருந்தாத்தான் சட்டம் மறிக்கும். இல்லாட்டில் அவைக்கு அது வெறும் மலை."

"பதிஞ்சா சுரங்கக்காரருக்குச் சரியான புள்ளியைக் குடுக்கவேணும். அங்கை எத்தினை பேர் பார்ப்பினம்? அதிலை ஒருத்தன் வித்தாப் போதுமே."

"விப்பாங்கள்தான். ஆனா வெடிக்கு ஒண்டும் தப்பாது. கள்ளனெண்டா, மண்ணுக்குள்ளை நித்திரையாக் கிடக்கிற ஒண்டு ரெண்டு அவன்ரை கண்ணிலை படாது."

அவள் மடிக்கணினியைத் திறந்து, அவர் சொன்ன புள்ளியைப் பதிந்தாள். படத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டாள். அரிய செடி என்றால் நேரில் கண்டவரும் உறுதிசெய்ய வேண்டும். கணினியை அவர் பக்கம் தள்ளினாள்.

இவ்வளவு சொன்னவரின் விரல் விசைக்கு மேலே நின்றது.

"அமத்துங்கோ அண்ணை. இல்லாட்டில் நான் அழிச்சுப்போடுவன்."

அமத்தினார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.